கக்குரோ: கூட்டல் தாள் என்று நினைத்து ஏமாந்த கதை



சுடோக்கு நம் மாணவர்கள் பலருக்குத் தெரியும். அதற்கு அண்ணன் மாதிரி ஒரு புதிர் உண்டு, கக்குரோ. பார்க்கக் குறுக்கெழுத்துப் புதிர் போலவே இருக்கும், ஆனால் எழுத்துக்குப் பதில் எண். கறுப்புக் கட்டத்தில் ஒரு தொகை இருக்கும். அதற்கு வலப்பக்கமோ கீழேயோ உள்ள வெள்ளைக் கட்டங்களில் 1 முதல் 9 வரையிலான எண்களைப் போட்டு அந்தத் தொகையைக் கொண்டுவர வேண்டும். ஒரு தொகைக்குரிய கட்டங்களில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது.

முதன்முதலில் ஆண்டு 4 வகுப்பில் இதை நான் கூட்டல் பயிற்சியாகத்தான் கொடுத்தேன். அந்தக் கடைசி விதியைச் சொல்லவே மறந்துட்டேன். 4 என்ற தொகைக்குப் பிள்ளைகள் 2, 2 என்று போட்டார்கள். கூட்டல் சரிதான், ஆனால் நாலு கட்டம் தள்ளிப் போய் இடித்தது. அழிப்பான் தேய்ந்ததுதான் மிச்சம். தப்பு என்னோடது. ஆனால் புதிரின் கதையைப் படித்தபோது, அதன் பழைய பெயரும் என்னை ஏமாற்றியிருக்கிறது என்று தோன்றியது.

குறுக்கெழுத்தின் தொடக்கம் நமக்குத் தெரிந்ததுதான். 1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வைர வடிவத்தில் ஒன்றை வெளியிட்டார். அதே கட்டத்தில் எண்களைப் போடும் புதிர், பின்னாளில் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழ்களில் 'கிராஸ் சம்ஸ்' என்ற பெயரில் வந்தது. குறுக்குக் கூட்டல்! பெயரைக் கேட்டாலே வீட்டுப்பாடம் மாதிரி இல்லீங்களா?

ஜப்பானில் மாக்கி காஜி என்பவர் 1980இல் நண்பர்களோடு ஒரு புதிர் இதழ் தொடங்கினார். பெயர் 'நிக்கோலி'. (அது ஒரு பந்தயக் குதிரையின் பெயர். மனிதருக்குக் குதிரைப் பந்தயத்தில் அவ்வளவு ஆசை.) அமெரிக்கப் புதிரை அவர் அங்கே கொண்டுவந்தார். குறுக்கெழுத்துக்கு மொழி வேண்டும்; இதற்கு ஒன்பது எண் போதும். 'கசன்' என்றால் ஜப்பானிய மொழியில் கூட்டல். 'கிராஸ்' அவர்கள் வாயில் 'குரோசு' ஆனது. 'கசன் குரோசு' சுருங்கிக் 'கக்குரோ' ஆயிற்று. கூட்டல் என்ற சொல் ஒரே ஓர் எழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சுடோக்கு கதையும் இதேதான். 1979இல் டெல் இதழில் வேறு பெயரில் வந்து, ஜப்பானில் புதுப்பெயர் பெற்று, 2004இல் லண்டன் 'டைம்ஸ்' வழியாக உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டே கக்குரோவும் பிரிட்டன் நாளிதழ்களுக்கு வந்துவிட்டது.

சரி, கூட்டல் இல்லை என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது? இரண்டு கட்டத்தில் தொகை 3 என்றால் 1, 2 மட்டுமே. 4 என்றால் 1, 3. ஏனென்றால் 2, 2 போட முடியாது. இப்போது 3க்கான வரிசையும் 4க்கான வரிசையும் வெட்டும் கட்டத்தைப் பாருங்க. இரண்டுக்கும் பொதுவான எண் 1 மட்டும்தான். ஊகமே தேவையில்லை. 16 என்றால் 7, 9; 17 என்றால் 8, 9; வெட்டும் இடத்தில் 9. மூன்று கட்டத்தில் 23 வந்தால் 6, 8, 9 தவிர வேறு வழியே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது எட்டுக் கட்ட வரிசை. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எட்டுக் கட்டத்தின் தொகை 41 என்றால், 4 மட்டும் அங்கே இல்லை. எட்டு எண்ணைக் கூட்டவே வேண்டாம், ஒரு கழித்தல் போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, விதியை வெண்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு அதே வகுப்பில் மறுபடியும் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணும் ஒரு பையன் இருக்கிறான். கூட்டல் தாளில் எப்போதும் கடைசியாக முடிப்பவன். அவன்தான் எழுந்து, "டீச்சர், இங்க 2 வராது. மேல 4 இருக்கு. 2 போட்டா பக்கத்துலயும் 2 ஆயிடும்ல? அப்போ 1 தான்" என்றான். கையில் பென்சில்கூட இல்லை. அன்று மணி அடிக்கும்வரை மற்ற பிள்ளைகள் தங்கள் தாளைத் தூக்கிக்கொண்டு அவன் மேசைக்குத்தான் போனார்கள்.