அறுந்த கம்பி

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு ரிசப்ஷன் முடிந்து இரவில் மல்காஜ்கிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் பையைத் துழாவி மாத்திரை எடுத்தார். காரின் உள்விளக்கைப் போட்டேன், எரியவில்லை. பிரஷர் மாத்திரை என்று நினைத்து, ஏற்கெனவே போட்ட சர்க்கரை மாத்திரையை மறுபடி விழுங்க இருந்தார். என் மகள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துத் தடுத்தாள். அந்த பல்பு ஃப்யூஸ் போய் ஆறு மாசம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவன் நான்தான்.

மறுநாள் காலை மூடியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி பல்பைக் கழற்றினேன். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட குட்டிக் கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பி அறுந்து கிடந்தது. இந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது மக்களே.

ஆரம்பகாலக் கார்களில் எண்ணெய் விளக்கும் கார்பைட் விளக்கும்தான். 1910 வாக்கில் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ், பொசுக்கென்று உடையும் டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுக்க வழி கண்டுபிடித்தார். குலுங்குகிற வண்டிக்குத் தாங்கும் பல்பு கிடைத்தது. 1912ல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டர், மின்விளக்குகளோடு வந்தது. நம்ம பக்கம் 1961ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ். அதன் பிரிட்டிஷ் பங்காளி கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் லூகாஸ், பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெயும் விளக்கும் விற்றவர். கார் விளக்குகள் அடிக்கடி மக்கர் செய்ததால் வெள்ளைக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'!

காமர்ஸ் படித்த எனக்குப் பிடித்தது 1924 சமாச்சாரம். ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டணி அமைத்தன. வீட்டு பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று முடிவாயிற்று. சோதனைக்கு வந்த பல்பு அதற்கு மேல் எரிந்தால் தயாரித்தவருக்கு அபராதம். நன்றாக உழைத்ததற்கு அபராதம், எந்த ஆடிட்டரும் கேள்விப்படாதது! (நியாயமாகச் சொன்னால், ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். 1951ல் பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் கமிஷனே 1000 மணி தப்பில்லை என்றது.) கூட்டணி இரண்டாம் உலகப்போரோடு கலைந்தது.

கார் பல்பிலும் அதே டங்ஸ்டன்தான். குளிர்ந்த கம்பியில் மின்தடை ரொம்பக் குறைவு, அதனால் ஸ்விட்ச் போட்ட கணத்தில் பல மடங்கு கரண்ட் பாயும். பழைய பல்பு பெரும்பாலும் அந்த நொடியில்தான் போகும்.

ராணிகஞ்ச் கடைக்காரர் முதலில் கேட்டது நீளம். பழைய பல்பைக் காட்டினேன், அளந்து 36 மில்லிமீட்டர் என்றார். "பத்து வாட் போடவா, நல்லா எரியும்." வேண்டாம் என்றேன். 5 வாட் இருந்த இடத்தில் 10 போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் மூடி இளகும். எல்.இ.டி. வாங்கினேன். 1993ல் ஜப்பானில் நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி. செய்திருக்காவிட்டால் இந்த வெள்ளை வெளிச்சம் ஏது?

மாட்டினேன், எரியவில்லை. கடைக்காரரை மனசுக்குள் திட்டிவிட்டு, திருப்பி மாட்டினேன். எரிந்தது. இதற்கு ப்ளஸ் மைனஸ் உண்டு, பழைய பல்புக்குக் கிடையாது.

அன்று இரவு அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "ஆஸ்பத்திரி லைட்டு மாதிரி இருக்குடா" என்றார். மாத்திரை சரியாகப் போட்டார்.