ஒரு நகலுக்காக நாற்பது நாள்

"ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." கிராமசபைத் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இத்தகைய வாக்கியம் புதிதன்று. வாசித்தவர் யார், கேட்டவர் யார், ஏற்றுக்கொண்டவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதில் விடையில்லை. செயப்பாட்டு வினை வினைமுதலை மறைத்துவிடுகிறது. சாலை "போடப்பட்டது", குளம் "தூர்வாரப்பட்டது", கூலி "வழங்கப்பட்டது". போட்டவரும் தூர்வாரியவரும் கூலி பெற்றவரும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

உள்ளாட்சிச் செலவு பற்றிய மக்களின் மனக்குறை இந்தியாவெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில்தான் ஒலிக்கிறது: பணம் வந்தது தெரிகிறது, வேலை நடந்தது தெரியவில்லை, கேட்டால் அரசியல் என்கிறார்கள். இந்தக் குறை பெரும்பாலும் புலம்பலாகவே முடிந்துவிடும். 1990களில் நடு ராஜஸ்தானின் சில கிராமங்களில் அது புலம்பலாக முடியாமல் சட்டமாக வளர்ந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிறப்பு வரலாறாக அக்கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு சச்சரவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அங்கு மக்களும் அரசும் இறுதிவரை மல்லுக்கு நின்றது "தகவல்" என்னும் பெருஞ்சொல்லுக்காக அன்று. ஒளிநகலுக்காக.

கதை கூலியில் தொடங்குகிறது. வறட்சி வாடிக்கையாகிவிட்ட அந்நிலத்தில், பஞ்ச நிவாரணப் பணிகளே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. குளம் வெட்டுவது, சாலை போடுவது, தடுப்பணை கட்டுவது ஆகியவை அப்பணிகள். கூட்டாகச் செய்த வேலையை அளந்து, அதற்கேற்பக் கூலி கணக்கிடப்படும். அளப்பவர் இளநிலைப் பொறியாளர். அளவு குறைவென்று அவர் எழுதிவிட்டால், நாள் முழுவதும் மண் சுமந்தவருக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்காது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் குடியேறியபோது, அவர்கள் காதில் விழுந்த முதல் முறையீடுகளுள் இதுவும் ஒன்று. 1990 மே 1 அன்று பீம் என்னும் ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கப்பட்டது. தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் அடங்கிய அவ்வமைப்பு முழுக் கூலி கேட்டு உண்ணாவிரதம் இருந்தது. ஒவ்வொரு முறையும் வந்த பதிலின் சாரம் ஒன்றே: நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது. கூலிப் போராட்டம் காகிதப் போராட்டமாக மாறிய இடம் அது.

அந்தக் காகிதங்கள் எவை? முதலாவது மஸ்டர் ரோல். யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு பெற்றார்கள், கையொப்பம் அல்லது கைநாட்டு எங்கே என்பதைக் காட்டும் வருகைப் பட்டியல். இரண்டாவது அளவைப் புத்தகம். மூன்றாவது சிமெண்ட், கல், லாரி வாடகைக்கான பில்களும் ரசீதுகளும். இறுதியாக, ஒதுக்கிய தொகை முழுவதும் உரிய பணிக்கே செலவானது என்னும் பயன்பாட்டுச் சான்று. அரசுத் தணிக்கை இக்காகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும். நான்கும் ஒரே பொய்யைச் சொன்னால் தணிக்கையில் குறை தெரியாது. மஸ்டர் ரோலில் உள்ள ஒரு பெயர் இறந்துபோனவருடையது என்பது தணிக்கையாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். சான்று காகிதத்தில் இருக்கிறது, அதைப் பொய்யென்று நிறுவும் அறிவு ஊரில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கவிடாமல் தடுப்பதே ரகசியத்தின் பயன்.

சட்டநிலையும் அப்போது முரண்பட்டுக் கிடந்தது. 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் நடைமுறையில் எல்லாக் கோப்புகளுக்கும் பூட்டாக இருந்தது. மறுபுறம், அரசின் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று ராஜ் நாராயண் வழக்கில் 1975லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. கிராமசபையை ஏட்டில் ஏற்றியது. அதிகாரமும் நிதியும் கிராமத்தை நோக்கி நகரும் என்பது எதிர்பார்ப்பு. ஆவணங்களோ அதிகாரிகளின் அலமாரியிலேயே இருந்தன.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் "ஜன் சுன்வாயி" நடந்தது. தமிழில் இதைப் "பொது விசாரணை" என்கிறோம். விசாரணை என்பதில் கேள்வி எழுப்புவது முன்னிற்கிறது. "சுன்னா", அதாவது செவிமடுப்பது என்னும் வினையிலிருந்து வந்த சுன்வாயியிலோ காதுகொடுப்பது முன்னிற்கிறது. நீதிமன்றத்தில் வழக்கு கேட்கப்படுவதற்கு இந்தியில் வழங்கும் சொல் அது. அந்தச் சொல்லை ஊர்ப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கு நடந்தது மிக எளிய செயல்: மஸ்டர் ரோல் உரக்க வாசிக்கப்பட்டது. பெயர் வாசிக்கப்பட்டதும் அதற்குரியவர் எழுந்து, அந்த நாள்களில் தாம் வேலைக்குப் போனதே இல்லை என்றார். சில பெயர்களுக்கு எழுந்து நிற்க ஆளில்லை. அவர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள் அல்லது இறந்தவர்கள். எழுத்தறியாதவர்களும் அன்று தணிக்கை செய்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது காதும் நினைவும் மட்டுமே.

அந்த மாதமும் அடுத்த சில மாதங்களிலும் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களில் கேட்புகள் தொடர்ந்தன. எதிர்ப்பும் உடன் கிளம்பியது. அஜ்மீர் மாவட்டத்தின் கிராம சேவகர்கள் ஆவணங்களைக் காட்ட மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அரசுத் தணிக்கைக்கு மட்டுமே தாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர்கள் வாதம். 1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணி ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட்டில் தர்ணா தொடங்கிய நாளில் ஓர் ஆணை வந்தது: ஆவணங்களைப் பார்வையிடலாம், ஒளிநகல் கிடையாது.

பார்ப்பதற்கு இது பெரும் சலுகை. போராடியவர்கள் ஏற்கவில்லை. கையால் எழுதிக்கொண்ட குறிப்பைப் பொய் என்று சொல்லிவிடலாம். அதை வைத்து வழக்கும் தொடுக்க முடியாது. அலுவலகத்துக்குள் ஒருவர் அமர்ந்து பார்க்கும் ஆவணத்தை ஊர் கூடிக் கேட்க முடியாது. பார்வையிடும் உரிமை எழுத்தறிந்த தனிமனிதருக்கு உரியது. நகல் ஊருக்கு உரியது. சட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. ஒருவருக்குப் பார்வையிட உரிமையுள்ள பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு அவருக்குத் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவே அப்போது கூறியது. காலனிய அரசு இணைத்து வைத்த இரண்டையும் 1996இல் மக்களாட்சி அரசு பிரிக்க முயன்றது.

பியாவர் தர்ணா நாற்பது நாள் நீடித்தது. சுற்றுக் கிராமங்கள் தானியம் அனுப்பின. நகர மக்கள் காய்கறியும் பணமும் தந்தார்கள். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது முழக்கம். எங்கள் பணம், எங்கள் கணக்கு. அதில் தகவல் என்ற சொல்லே இல்லை. ஹிசாப் வீட்டிலும் கடையிலும் புழங்கும் சொல். கொடுத்தவர் வாங்கியவரிடம் கேட்பது. தமிழில் "கணக்குக் கேட்பது" என்பதற்கும் அதே கூர்மை உண்டு; 1972இல் ஒரு கட்சி இரண்டாகப் பிளந்ததை நினைவுகூர்வோருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

வாக்குறுதியோடு தர்ணா முடிந்தது. வாக்குறுதி மீண்டும் வாக்குறுதியாகவே நிற்க, 1997இல் ஜெய்ப்பூரில் மறுபடி தர்ணா. இம்முறை 53 நாள். அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தியைச் சொன்னார்: ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை சில மாதங்களுக்கு முன்பே அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டது! ரகசியத்துக்கு எதிரான ஆணையே ரகசியமாக இருந்திருக்கிறது.

அதே 1997இல் தமிழ்நாடு, நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. நீண்ட விலக்குப் பட்டியல் அதை வலுவிழக்கச் செய்தது. ராஜஸ்தான் 2000இல் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வராமலே போனது. 2005 அக்டோபர் 12 அன்று இன்றைய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சமூகத் தணிக்கையைக் கிராமசபையின் பணியாக்கியது. கோட் கிரானாவின் கூட்டம் சட்டப் பிரிவாயிற்று.

இந்த இடத்தில் நம்மில் பலர் உத்திரமேரூரை நினைப்போம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரையும் அவர் உறவினரையும் தகுதியற்றவர் என்கின்றன. பெருமைக்குரிய விதிதான். ஆயினும் அது பிரமதேய ஊரின் சபை. உறுப்பினராவதற்கு நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். அங்கு கணக்குக் கேட்டவர்கள் சபையோர். கோட் கிரானாவில் கேட்டவர்கள் மண் சுமந்தவர்கள். இரண்டையும் ஒரே மரபின் தொடக்கமும் தொடர்ச்சியுமாகக் காட்டினால் பின்னதன் புதுமை மறைந்துவிடும்.

ஜன் சுன்வாயியின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் வேலைக்கும் ரேஷனுக்கும் நிற்பவர் அவருக்கு எதிரே எழுந்து பேசுவது எளிதன்று. பெண்களுக்கும் தலித்துகளுக்கும் அதன் விலை இன்னும் அதிகம். ஒலிவாங்கி முன் உண்மை வெளிப்பட்ட பிறகும் பணம் திரும்பியது சில இடங்களில் மட்டுமே. ராஜ்சமந்த் மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில் 2001இல் கேட்பு நடத்துவதற்குத் தேவையான ஆவணங்களைப் பெறுவதற்கே நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. சட்ட உரிமை அப்போது கையில் இருந்தும் கூட.

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவை மாற்றியிருக்கிறது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பற்ற தனிநபர் தகவலுக்கும், அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலுக்குமே விலக்கு; பொதுநலன் கருதி அதையும் வெளியிடலாம் என்று அப்பிரிவிலேயே இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்பதே விலக்குக்குப் போதுமானது. 8(2)ஆம் பிரிவின்படி பொதுநலன் கருதி வெளியிடலாம் என்பது அரசின் பதில். அந்தப் பொதுநலனை நிறுவும் சுமை இனி கேட்பவர் தலையில் விழும் என்பது என் கவலை.

மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் பட்டியல். பெயரை நீக்கினால் எஞ்சுவது "40 பேர், 15 நாள்" என்னும் எண்கள். எண்ணுக்கு மறுப்புச் சொல்ல ஊரில் ஒருவராலும் இயலாது. இறந்துபோன ஒருவரின் பெயர் உரக்க வாசிக்கப்படும்போதுதான் அவர் மகள் எழுந்து நிற்க முடியும். அந்தரங்கம் உண்மையான உரிமை. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஊர்முன் வாசிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொதுப் பணத்தில் கூலி பெற்றதாக எழுதப்பட்ட பெயர் அந்தரங்கமன்று. 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை எவரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்று இன்றும் சொல்கிறது. இவ்விரு பிரிவுகளும் மோதும் இடத்தில் எது வெல்லும் என்பதே அடுத்த சில ஆண்டுகளின் கேள்வி.

ஆய்வு மாணவர்களான நாம் இதைக் கட்டுரைகளில் மட்டும் விவாதிக்க வேண்டியதில்லை. அடுத்த கிராமசபைக்கு ஊரில் இருப்பவர்கள் போய் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஏதேனும் ஒரு பணியின் வருகைப் பட்டியலைப் பெயர்களோடு வாசிக்கச் சொல்லுங்கள், நகலும் கேளுங்கள். கிடைத்த பதிலை இங்கே எழுதுங்கள். மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் அவர் காட்டிய சட்டப் பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். "மறுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.