விழுப்புரம் வழக்குகளும் தாமாக முன்வரும் அதிகாரமும்

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து கையிலெடுத்த வழக்குகளில் இரண்டு விழுப்புரத்தோடு பிணைந்தவை. 2021-இல் எடுத்தது காவல் துறையின் மேல்மட்டத்தில் இருந்த ஓர் அதிகாரியைப் பற்றியது. 2023-இல் எடுத்தது அமைச்சர் ஒருவரைப் பற்றியது. 2018 ஜூன் 4 அன்று பதவியேற்ற அந்த நீதிபதியின் பணிக்காலத்தில் வேறு பல முக்கியத் தீர்ப்புகள் உண்டு. ஆயினும் பொது ஊழியரின் நடத்தையை நீதிமன்றம் எப்படிக் கண்காணிக்கலாம், எதுவரை கண்காணிக்கலாம் என்று அறிய விரும்பும் சட்ட மாணவருக்கு இவ்விரண்டையும்விட நல்ல பாடம் நம் மாவட்டத்தில் இல்லை.

முதல் வழக்கு அனைவரும் அறிந்தது. 2021 பிப்ரவரியில், அன்றைய முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சட்டம் ஒழுங்குப் பிரிவின் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தம்மிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று பெண் எஸ்.பி. ஒருவர் புகார் கூறினார். புகாரை மேலிடத்தில் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த அவரது காரைச் செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் காவல் துறையினரே மறித்தார்கள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சென்னையோடு இணைக்கும் அந்தச் சாலையில் நாம் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறோம். ஒரு மாவட்டத்தின் காவலுக்கே பொறுப்பான அதிகாரிக்கு அங்கே வழி மறிக்கப்படும் என்றால், சாதாரண மனுதாரரின் நிலை என்ன? இந்த அச்சத்தைத்தான் உயர் நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொண்டது. மார்ச் 1 அன்று நீதிபதி தாமாக வழக்கைப் பதிந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணையைத் தாமே கண்காணிப்பதாக அறிவித்தார். பாதிக்கப்பட்டவரின் பெயர் எங்கும் வெளியாகக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

உயர் நீதிமன்றம் அங்கே செய்தது விசாரணை தடம் மாறாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே. குற்றம் நிரூபணமானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை என்ற ஆட்சேபம் எழுப்பப்பட்டு, அதுவும் நிற்கவில்லை. சாட்சிகள் வந்தார்கள், குறுக்கு விசாரணை நடந்தது, வாய்தாக்கள் போயின. 2023 ஜூன் 16 அன்று நடுவர் எம். புஷ்பராணி தீர்ப்பளித்தார். முன்னாள் சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்றாண்டுச் சிறை. காரை மறித்த விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட அன்றைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சரணடைவதிலிருந்து இடைக்கால விலக்கு அளித்தது.

நீதித் துறைப் படிநிலையில் தலைமைக் குற்றவியல் நடுவர் இருக்கும் இடம் தாழ்ந்தது. ஏழாண்டுக்கு மேல் சிறை விதிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. மாநிலக் காவல் துறை முழுவதும் யாருக்கு சல்யூட் அடித்ததோ அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, சாட்சியத்தை மட்டும் எடைபோட்டுத் தீர்ப்பு எழுதியது அந்த இருக்கைதான். பத்திரிகைகள் சென்னை நீதிபதியைக் கொண்டாடின, அது சரியே. விழுப்புரம் நடுவருக்கு அதே அளவு பெருமை உண்டு என்பதை இங்கேயாவது நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழக்கு சட்ட நுணுக்கம் மிகுந்தது. 1996 முதல் 2001 வரை அமைச்சராக இருந்த க. பொன்முடி மீது 2002-இல் லஞ்ச ஒழிப்புத் துறை தொடர்ந்த சொத்துக் குவிப்பு வழக்கு அது. விழுப்புரத்தில் நெடுங்காலம் நடந்துவந்த அவ்வழக்கு 2022-இல் உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு உத்தரவால் வேலூருக்கு மாற்றப்பட்டது. அங்கே 2023 ஜூன் 28 அன்று விடுதலைத் தீர்ப்பு வந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் 172 பேர், ஆவணங்கள் 381, தீர்ப்பு 226 பக்கம். எழுத்துப்பூர்வ வாதம் தாக்கலான சில நாட்களில் தீர்ப்பு, தீர்ப்பளித்த நீதிபதிக்கு இரண்டு நாளில் ஓய்வு. ஆகஸ்ட் 10 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இவ்வழக்கைச் சீராய்வுக்குத் தாமாக எடுத்தார். நிர்வாக உத்தரவின் மூலம் இப்படி ஒரு வழக்கை மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் கருதினார். அவர் குறை கண்டது தம் உயர் நீதிமன்றத்தின் நிர்வாக முடிவிலேயே என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆணையின் மிகத் துணிவான பகுதி. அவரே விசாரிக்கக் கூடாது, விலகிக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது. வழக்கைத் தொடங்கியவரே விசாரிப்பதா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தாமாக எடுக்கும் ஒவ்வொரு வழக்கிலும் அந்தக் கேள்வி எழும். அதற்காகவே விலகுவதானால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவே முடியாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397, 401 பிரிவுகள் தந்த சீராய்வு அதிகாரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. விடுதலைத் தீர்ப்பைத் தண்டனைத் தீர்ப்பாக மாற்ற 401(3) அனுமதிக்கவில்லை. பிழை கண்டால் மறு விசாரணைக்கு அனுப்பலாம், அவ்வளவே. மேல்முறையீட்டுக்கு இந்தத் தடை கிடையாது. இதே அமைச்சர் மீதான இன்னொரு சொத்து வழக்கில் விழுப்புரம் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் விடுதலை செய்தது. அரசின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் 2023 டிசம்பரில் அதை ரத்துசெய்து மூன்றாண்டுச் சிறை விதித்தார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஒரே அமைச்சர், இரண்டு விடுதலைத் தீர்ப்புகள். மேலே சென்ற பாதை மட்டும் வேறு. இவ்வழக்குகளில் யார் குற்றவாளி என்பது மேல் நீதிமன்றங்கள் முடிவு செய்ய வேண்டியது. நமக்கு வேண்டியது இந்தப் பாதைகளின் தெளிவு.

இவ்வளவையும் வழக்கமான நீதிமன்றங்களே செய்யும்போது, இதற்கென்றே அமைந்த தனி அமைப்பான லோக் ஆயுக்தா எங்கே போயிற்று? தமிழ்நாட்டின் கதை இங்கே வருத்தம் தருவது. முதலமைச்சர் முதல் ஊராட்சி ஒன்றியத் தலைவர் வரை வளையத்துக்குள் கொண்டுவரும் பொதுவாழ்வினர் குற்ற நடத்தைச் சட்டத்தை 1973-லேயே இயற்றிய மாநிலம் இது. 1977-இல் அது நீக்கப்பட்டது. முதலமைச்சரும் பொது ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் மு. கருணாநிதி வழக்கில் உறுதியாகச் சொன்னபோது, அந்த நெறியைச் செயல்படுத்த நம் மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. மகாராஷ்டிரம் 1971-லேயே லோக் ஆயுக்தா சட்டம் கண்டது. கர்நாடகத்தில் லோக் ஆயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டேவின் சுரங்க அறிக்கை 2011 ஜூலையில் வந்த சில நாட்களில் முதலமைச்சர் பதவி விலகினார். நாமோ மத்தியச் சட்டம் வந்து, உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2018 ஜூலை 9 அன்று சட்டப்பேரவையில் மசோதாவை நிறைவேற்றினோம். 2019 ஏப்ரலில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி பி. தேவதாஸ் முதல் தலைவரானார்.

லோக் ஆயுக்தா நம் மக்களின் நினைவில் இன்னும் பதியவில்லை. திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்குப் பணம் கேட்கப்பட்டவர் லஞ்ச ஒழிப்புத் துறையைத் தேடுகிறார். இல்லையேல் வழக்கறிஞரைத் தேடுகிறார். ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து சென்று 1947 முதல் 1949 வரை மாகாணத்தை ஆண்ட ராமசாமி ரெட்டியாரின் நேர்மையை இப்பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆள்பவரின் தனிக்குணத்தை நம்பிய காலம் அது. அந்தக் குணம் எல்லா ஆட்சியிலும் வாய்க்காது என்பதால்தான் கேள்வி கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் நீதிபதியிடம் கொடுத்தது. புகார் வரும்வரை காத்திருக்கும் அமைப்பால், புகார் கொடுப்பவரின் காரையே மறிக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முடியாது. லோக் ஆயுக்தாவும் தாமாக முன்வந்து தயங்காமல் செயல்படும் நாளே அது உயிர்பெறும் நாள் என்பது என் உறுதியான கருத்து.

விழுப்புரம், திண்டிவனம் வழக்கறிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2023 ஜூன் 16 தேதியிட்ட நடுவர் தீர்ப்பு, அதை உறுதி செய்த அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு, பொன்முடி வழக்கின் 2023 ஆகஸ்ட் 10 சீராய்வு ஆணை ஆகியவற்றின் நகல்களை, பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படாதபடி, இரு ஊர் நீதிமன்ற வளாக நூலகங்களிலும் சேர்த்து வைக்க வேண்டும். ஜூனியர்கள் முதலில் படிக்க வேண்டியது நடுவரின் தீர்ப்பை. சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று அதில் கற்றபின் மற்றவற்றுக்குப் போகட்டும்.