சிறுநீர்க் கோளாறும் பெண்ணின் பாலியல் நலமும்: கேட்கப்படாத ஒரு கேள்வி

மதுரை–திண்டுக்கல் சாலையில் உள்ள சமயநல்லூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்கள் நாற்று நடுகிறார்கள், களையெடுக்கிறார்கள், டவுன் பஸ் ஏறிப்போய் மதுரைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறார்கள். ஒதுங்க இடமில்லாத வேலைகளில் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும் சிறுநீரை அடக்கி வைப்பதும் பழக்கமாகிவிடுகின்றன. பிறகு எரிச்சல் வந்தால் ‘சூடு பிடித்துவிட்டது’ என்று இளநீரோ வெந்தயமோ எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிச் சமாளிப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதைப் பலர் யாரிடமும் சொல்வதே இல்லை. இக்கோளாறுகள் பெண்ணின் தாம்பத்திய வாழ்வை நேரடியாகப் பாதிக்கின்றன. ஆகவே, சிறுநீர்ப் புகாரோடு வரும் பெண்ணிடம் பாலியல் நலம் பற்றியும் கேட்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான கடமையாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தின் முதல் அடிப்படை உடலமைப்பு. பெண்ணின் சிறுநீர்த் தாரை ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளது; அது யோனியின் முன்சுவரை ஒட்டியே செல்கிறது. இரண்டையும் தாங்குவது ஒரே இடுப்புத்தளத் தசை. இரண்டின் திசுக்களையும் ஈஸ்ட்ரோஜன் பேணுகிறது. பிரசவத்தில் அத்தசை தளர்ந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடும் குறையலாம், உறவின்போது உணர்வும் குறையலாம். உறவின்போது கிருமிகள் சிறுநீர்த் தாரைக்குள் தள்ளப்படுவதால், சில பெண்களுக்கு அடுத்த ஓரிரு நாளில் நீர்க்கடுப்பு வருகிறது. இது திரும்பத் திரும்ப நேரும்போது அந்தப் பெண் உறவையே தவிர்க்கத் தொடங்குகிறாள். காரணத்தை அவள் சொல்வதில்லை. கணவன் அதை வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறான். உடலில் தொடங்கிய தொல்லை இப்படித்தான் குடும்பத்துக்குள் மனக்கசப்பாகிறது.

மருத்துவச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. பிரிட்டனில் பால் ஹில்டன் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீர்க் கசிவுக்காக மருத்துவமனைக்கு வந்த, தாம்பத்திய உறவில் இருந்த 324 பெண்களில் 79 பேருக்கு, அதாவது 24 விழுக்காட்டினருக்கு, உறவின்போதே கசிவு இருந்தது. அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு உறவின் தொடக்கத்திலும் மற்றவர்களுக்கு உச்சத்திலும் அது நேர்ந்தது. கசிவுக்குச் சிகிச்சை தேடி வந்தவர்கள்கூட இந்த ஒன்றைப் பெரும்பாலும் தாமாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகே தெரிந்தது. மாதவிடாய் நின்றபின் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்த பெண்களிடம் ராஸ், ஸ்டாம் இருவரும் 1993இல் நடத்திய ஆய்வில், யோனியில் எஸ்ட்ரியால் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஆண்டுக்குச் சராசரி 0.5 முறையே வந்தது, பூசாதவர்களுக்கு 5.9 முறை வந்தது. யோனி வறட்சியையும் உறவின் வலியையும் தணிப்பதற்கும் இவ்வகை மருந்தே தரப்படுகிறது. 2014இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் மாதவிடாய் நின்றபின் வரும் சிறுநீர், பாலுறுப்பு அறிகுறிகளை ஒரே நோய்க்குறித் தொகுதியாக அறிவித்ததும் இதனால்தான்.

‘நம் ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்வதே இல்லையே, கேட்டால் கூச்சப்பட மாட்டார்களா?’ என்பது முதல் மறுப்பு. மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் பாங் தம்பதியர் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இரண்டு கிராமங்களில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காட்டினர் மட்டுமே. மௌனத்தை நலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதை இந்த இரு எண்களே காட்டிவிடுகின்றன. கூச்சம் உண்மைதான். ஆனால் பெண் செவிலியர், தனி அறையில், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியாகவே இதைக் கேட்டால் ஒருத்தியைமட்டும் சுட்டிக் கேட்டதாக ஆகாது.

பெண்ணின் பாலுறவு விருப்பம் குறைவதற்கு வேலைக் களைப்பு, மனச்சோர்வு, கணவனின் குடிப்பழக்கம், வயது எனப் பல காரணங்கள் இருக்க, சிறுநீர்க் கோளாறைமட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. சிறுநீர்க் கோளாறு ஒன்றே காரணம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் அக்காரணங்களில் பலவற்றை ஒரு சுகாதார நிலையத்தால் மாற்ற இயலாது. சிறுநீர்க் கோளாறை மாற்ற இயலும். பிள்ளை பெற்றால் இப்படித்தான், வயதானால் இப்படித்தான் என்ற ஆறுதலும் தவறு. பரவலாக இருப்பதாலேயே ஒரு நோய் இயல்பாகிவிடாது.

வேலைப்பளு மிகுந்த நிலையங்களால் இதுவும் முடியுமா என்பது மூன்றாவது மறுப்பு. தேவைப்படுவது புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ அல்ல. ஆர்னால்ட் கெகல் 1948இல் வகுத்த இடுப்புத்தளப் பயிற்சிக்குச் செலவே இல்லை. கசிவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதும் அதுதான். அதே தசைக்குப் பாலுறவில் உள்ள பங்கைப் பற்றியும் கெகல் 1952இல் எழுதினார். ஆகஸ்ட் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. ஆக, ஏறத்தாழ ஒவ்வொரு தாயும் ஒருமுறையேனும் மருத்துவ அமைப்பின் கண்ணில் படுகிறாள்.

எனவே பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையிலும், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வரும் நடுவயதுப் பெண்களிடமும் இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்: சிறுநீர் கசிகிறதா, எரிகிறதா? அதனால் தாம்பத்திய உறவில் வலியோ அச்சமோ தவிர்ப்போ உண்டா? முதல் கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்தும் மருத்துவம் பாதி மருத்துவமே. இரண்டாவதையும் கேட்கும் பழக்கத்தைச் சமயநல்லூர் போன்ற ஊர்களிலிருந்தே சுகாதாரத் துறை தொடங்க வேண்டும்.