காமாலையும் தண்ணீர் எனும் அமானிதமும்

 

வயிற்று நோயால் இறந்தவருக்கும், கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணுக்கும் ஷஹீதின் நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஜனாஸா வீடுகளில் நாம் அதை எடுத்துச் சொல்கிறோம். துயருற்றோர் ஆறுதல் அடைகின்றனர். ஆயினும் அந்த ஆறுதல் இழந்தவர்களுக்கு உரியது. தண்ணீரை அசுத்தப்படுத்தியவர்களும், நோயாளியை உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்க்கத் தவறியவர்களும் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. இவ்விரு வகை மரணங்களையும் ஒருசேரக் கொண்டுவந்த ஒரு நோயின் வரலாறு நம் நாட்டிலேயே உள்ளது.

1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில் யமுனை வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறியது. நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நீரேற்று நிலையம் வரை எதிரேறி வந்தது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினர். அதனால் டைஃபாய்டு பரவவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண்ணும் உடலும் மஞ்சளாயின. அவர்களுள் கர்ப்பிணிகளின் நிலையே மிகவும் மோசமாயிற்று. அது இன்ன கிருமி என்று அன்று எவராலும் சொல்ல இயலவில்லை.

1978 நவம்பரில் காஷ்மீரின் குல்மர்க் வட்டாரத்துக் கிராமங்களில் மீண்டும் காமாலை பரவிற்று. ஓடை, கால்வாய் நீரையே நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். நினைவிழந்த கர்ப்பிணிகள் அடுத்தடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவதைக் கண்டார் ஸ்ரீநகர் மருத்துவர் முஹம்மது சுல்தான் குரூ. வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. குழுவினருடன் கிராமங்களுக்குச் சென்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்குக் காமாலை கண்டிருந்தது. அவர்களில் எட்டுப் பேருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. கருவுறாத பெண்களில் நோயுற்ற 71 பேரில் ஒருவருக்குக்கூட அந்நிலை வரவில்லை. பேறுகாலத்துக்கு முந்திய கடைசி மூன்று மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருந்தது.

இரத்தத்தைச் சோதித்தபோது, அன்று அறியப்பட்டிருந்த ‘ஏ’ வகையும் இல்லை, ‘பி’ வகையும் இல்லை. இது புதியதொரு கிருமி என்று குரூ 1980இல் எழுதினார். அதே காலத்தில், டில்லியில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய இரத்த மாதிரிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து அதே முடிவுக்கு வந்தனர். 1983இல் சோவியத் அறிஞர் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே அருந்தி நோயுற்று, அக்கிருமியை நுண்நோக்கியில் கண்டார். இன்று அதன் பெயர் ‘ஹெபடைடிஸ் ஈ’.

இவ்வரலாற்றில் நமக்குப் படிப்பினை என்ன?

நம் ஊர்களில் காமாலை என்றதும் ஓதிப் பார்க்க வருவார்கள். அல்லது கீழாநெல்லியைத் தேடுவார்கள். ஓதுவதை நாம் மறுக்கவில்லை. கீழாநெல்லிக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அம்மூலிகையை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ‘பி’ வகைக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. மேலும் அது இரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் வகை. தண்ணீரால் வருவது வேறு. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அப்போது கொடுத்தது எதுவாயினும் பெயர் அதற்குச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கர்ப்பிணிக்கு அந்தச் சில வாரங்கள் கிடைக்காமல் போகலாம். கண் மஞ்சளானால் அன்றே அவரை மருத்துவமனையில் சேர்ப்பது கடமை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள் அல்லவா?

மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தைத் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறோம். நிறம், சுவை, வாடை மாறாத நீரில் உளூச் செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்தக் கிருமியோ அம்மூன்றில் எதையும் மாற்றாமலே நீரில் இருக்கும். ஆகவே உளூவுக்குத் தகும் நீரெல்லாம் குடிக்கத் தகும் என்று எண்ணிவிடலாகாது. குடிப்பதைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்போம். கொதித்த நீரில் அது பிழைக்காது.

செவ்வாப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரை மனைகள் நெருங்கிவிட்டன. ஒருவர் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கு அருகிலேயே அடுத்தவரின் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளர் பலர் ஒரே அறையில் தங்கி, ஒரே குழாயை நம்பி வாழ்கின்றனர். நீர்நிலை, நடைபாதை, மக்கள் ஒதுங்கும் நிழல் ஆகியவற்றில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கசியும் தொட்டியைக் கண்டும் காணாமல் இருப்பவர் அந்த எச்சரிக்கையைத் தம்மையும் நோக்கியதாகவே கொள்ள வேண்டும். அண்டை வீட்டாரின் ஹக்கு அவர்களின் கிணற்றிலும் இருக்கிறது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் மழைக்காலத்துக்கு முன் தன் பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியையும் கழிவுத் தொட்டியையும் பார்வையிடட்டும். வல்ல அல்லாஹ், அந்நோயில் மறைந்த தாய்மார்களுக்கு ஷஹீதின் அந்தஸ்தை வழங்குவானாக! நம் அலட்சியத்தால் இன்னொரு தாய் அந்தக் கணக்கில் சேராதிருக்க நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.