பீரங்கிக்குள் ஒரு ஈட்டி

‘பீரங்கி’ நம்ம சொல் மாதிரிதான் காதில் விழும். ஆனால் அதன் பூர்வீகம் ஐரோப்பாவில், ஒரு பழைய ஈட்டியின் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றுவழிதான், வாங்க போய்ப் பார்ப்போம்.

ரைன் நதிக்கரையில் இருந்த ஜெர்மானிய இனக்குழுக்களில் ஒரு கூட்டத்துக்கு ‘பிராங்க்’ என்று பேர். பின்னாளில் இவர்கள் ஆண்ட நாடுதான் பிரான்ஸ். 1096இல் சிலுவைப் போர்கள் தொடங்கியபோது, மேற்கே இருந்து வந்த எல்லாரையும் அரேபியர்கள் ‘இஃப்ரஞ்ச்’ என்றார்கள். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’. 1498இல் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியபோது அந்தப் பேர் அவர்கள் தலையில் விழுந்தது. தமிழில் ‘ஃப’ கிடையாது, அதனால் ‘பறங்கி’. பறங்கிமலை, பறங்கிக்காய் (நம்ம பக்கத்து மத்தங்காய்), பறங்கிப்பட்டை எல்லாம் இந்த வகைதான்.

ஆளின் பேர் ஆயுதத்துக்கும் போனது. 1526 பானிபட் போரை எழுதும்போது பாபர் ஒருவகைப் பீரங்கியை ‘ஃபிரங்கி’ என்றே குறிப்பிடுகிறார். மராட்டியத்தில் ஐரோப்பிய அலகு பொருத்திய நீண்ட வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்று பேர். தமிழிலும் மலையாளத்திலும் அது பீரங்கியாக நின்றுவிட்டது.

சரி, ‘பிராங்க்’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘ஃபிராங்கா’ என்றால் எறியீட்டி. 991இல் நடந்த மால்டன் போரைப் பாடும் கவிதையில் அந்தச் சொல் வருகிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஃபிராக்கா’. ஈட்டி வைத்திருந்ததால் அந்த மக்களுக்கு அந்தப் பேர் என்பது ஒரு கட்சி. ‘சாக்ஸ்’ என்ற கத்தியால் சாக்ஸன்கள் பேர் பெற்றதைத் துணைக்குக் காட்டுவார்கள். இல்லை, பிராங்குகளின் ஈட்டி என்பதால்தான் ஈட்டிக்கு அந்தப் பேர் என்பது எதிர்க்கட்சி. அவர்களுக்கும் துணை உண்டு: பிராங்குகளின் எறிகோடரிக்கு ‘ஃபிரான்சிஸ்கா’ என்ற பேர் அந்த மக்களால் வந்தது என்று 7ஆம் நூற்றாண்டிலேயே செவில் நகரத்து இசிதோர் எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கில் பீரங்கியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம் என்பேன். எதிரி கையில் புதுசாக ஒரு ஆயுதத்தைப் பார்த்தால், எதிரியின் பேரையே அதற்கு வைத்துவிடுவது மனுஷ வழக்கம். இங்கே மக்கள் பேர்தான் முதலில், ஆயுதம் பிறகு. அதில் சந்தேகமே இல்லை. ஈட்டிக்கும் அப்படியே நடந்திருக்கும் என்று இது நிரூபிக்காது. ஆனால் ‘ஆயுதத்திலிருந்துதான் மக்கள் பேர்’ என்று அடித்துச் சொல்பவர்களை ஒரு நிமிஷம் நிறுத்தும்.

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில், வில்லுக்குறி வழியாகப் போனால் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாய் பிறகு அவருக்கே படைத்தலைவரானார், ‘வலிய கப்பித்தான்’ என்று பேர் வாங்கினார். இந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. 1777இல் இறந்த டிலனாயின் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டி.

இதில் ஒரு வேடிக்கை. பிரான்ஸ் பிராங்குகளின் பேரை வைத்துக்கொண்டு மொழியை விட்டுவிட்டது. மொழி டச்சாக வளர்ந்தது. ஆக, குளச்சலில் வந்து இறங்கியது பிராங்குகளின் மொழி வாரிசு. எதிரே நின்ற நம்மவர்களிடம் அந்தப் பேரின் வாரிசு ‘பறங்கி’யாகவும் ‘பீரங்கி’யாகவும் ஏற்கெனவே இருந்தது.

உதயகிரியில் உள்ளூர் ராஜாவுக்காக, இந்த மண்ணிலேயே வார்த்த பிறகும் அது பீரங்கிதான். நம்ம தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் காய்த்தாலும் அது பறங்கிக்காய்தான். யார் செய்தார்கள் என்பதைச் சொல் கவனிப்பதில்லை. முதலில் யார் கையில் பார்த்தோம் என்பதை மட்டும் அது மறப்பதேயில்லை.