பிளாக்ஹீத் திடல் தரும் பாடம்

நம் லூயிஷாமின் எல்லையிலுள்ள பிளாக்ஹீத், கால்பந்து வரலாற்றின் பெரும் பிரிவோடு தொடர்புடைய ஊர். 1863-இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் உருவானபோது, எதிராளியின் காலை உதைக்கலாமா என்ற வழக்கு எழுந்தது. உதை நீடித்தால் பள்ளிச் சிறுவரன்றி வளர்ந்தோர் எவரும் ஆட வாரார் என்றார் மோர்லி. பிளாக்ஹீத் கழகத்தின் கேம்பல் மறுத்தார்: உதையை நீக்கினால் ஆட்டத்தில் துணிவு அழியும், ஒரு வாரப் பயிற்சி பெற்ற பிரெஞ்சுக்காரரே உங்களை வெல்வர் என்றார். டிசம்பரில் அக்கழகம் விலகியது.

1871-இல் அக்கழகமும் சேர்ந்து நிறுவிய ரக்பி ஒன்றியமோ, தன் முதல் விதிகளிலேயே அவ்வுதையைத் தடைசெய்தது. ரக்பியின் துணிவு அதனால் குன்றிவிடவில்லை. வலியே பிள்ளைகளை உரமேற்றும் எனக் கருதும் பயிற்றுநரும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.